கோரைக்குத் தண்ணீர்

வெளிநாட்டிலிருந்து வருகிற அப்பாக்கள் என்னென்ன கொண்டுவருவார்கள் என்பது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். சாக்லேட், தைலம், பூப்போட்ட கம்பளி, மணக்கிற அழிரப்பர். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது என் அப்பாவும் குவைத்திலிருந்து அதையெல்லாம் கொண்டுவந்தார். கூடவே ஒரு நீளமான இரும்புக் குழாய், அதன் நுனியில் டம்ளர் அகலத்துக்கு ஒரு பித்தளை வாய், பின்னால் ஒரு ரப்பர் டியூப். திருச்சி ஏர்போர்ட்டில் அதைப் பிரித்துப் பார்த்தவர்கள் அப்பாவை ஒரு மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்களாம். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. எங்களுக்கே அது துப்பாக்கி மாதிரிதான் தெரிந்தது.

அது களை எரிக்கிற கருவி. டியூபின் இன்னொரு முனையை கேஸ் சிலிண்டரில் மாட்டி, திறந்து பற்றவைத்தால் பித்தளை வாயிலிருந்து ஒரு முழ நீளத்துக்கு நீல நெருப்பு சீறிக்கொண்டு வரும். அப்பா அங்கே பூங்காக்களைப் பராமரிக்கிற கம்பெனியில் வேலை பார்த்தார். நடைபாதைக் கற்களின் இடுக்கில் முளைக்கிற புல்லை மருந்தடிக்காமல் நெருப்பால் வாட்டுவதுதான் பதினொரு வருடமாக அவருடைய வேலை. இதை அன்றுவரை எங்களிடம் சொன்னதில்லை. “கார்டன்ல வேலை” என்றுதான் சொல்லியிருந்தார். அப்பா ரோஜாப்பூ வளர்க்கிறார் என்று நான் வகுப்பில் அளந்து வைத்திருந்தேன்.

எங்கள் வீடு ஆவுடையார்கோவிலுக்கு வெளியே, அறந்தாங்கி போகிற ரோட்டோரம், தன்னந்தனியாக நிற்கும். வயலை வாங்கி, கண்மாய் மண்ணை லாரி லாரியாக அடித்து மேடாக்கிக் கட்டிய வீடு. சுற்றிலும் காம்பவுண்டுச் சுவர். கூப்பிட்டால் ஏனென்று கேட்கப் பக்கத்தில் ஆள் கிடையாது. அம்மா கிராமத்து நர்ஸ். ஊர் ஊராக ஸ்கூட்டியில் போய் ஊசி போட்டுவிட்டு அவர் திரும்ப ஆறரை மணி ஆகிவிடும். பள்ளிக்கூட வேன் என்னை நாலரைக்கே இறக்கிவிட்டுப் போய்விடும். அந்த இரண்டு மணி நேரம் நான் கிரில் கேட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து ரோட்டில் போகிற பஸ்களுக்கு மார்க் போட்டுக்கொண்டிருப்பேன். ஹார்ன் அடித்தால் பத்து மார்க். யாராவது கையாட்டினால் நூறு. நூறு வாங்கிய பஸ் ஒன்றுகூட இல்லை.

எனவே அப்பா வந்தது எனக்குத் திருவிழா மாதிரி இருந்திருக்க வேண்டும். ஆனால் எங்கள் இருவருக்கும் நேரில் பேச வரவில்லை. போனில் வாய் ஓயாமல் பேசிய அதே மனிதர் எதிரே உட்கார்ந்தால் “சாப்ட்டியா?” என்பார். “சாப்ட்டேன்” என்பேன். அதற்கு மேல் இரண்டு பேருமே மின்விசிறியைப் பார்ப்போம்.

கண்மாய் மண்ணோடு கோரைக் கிழங்கும் வந்திருந்தது. குடி புகுந்த மறுமாதமே காம்பவுண்டு முழுக்கக் கோரை. அதோடு நெருஞ்சி, சாரணை, குப்பைமேனி. அப்பா ஐந்து கிலோ சிலிண்டர் ஒன்று வாங்கி, எனக்குச் சின்னதாகிப்போன சைக்கிளின் கேரியரில் வைத்துக் கட்டி, அதை ஒரு கையால் உருட்டிக்கொண்டே மறுகையால் நெருப்பைப் பிடித்துக்கொண்டு போவார். நான் என்னவோ எல்லாம் கொழுந்துவிட்டு எரியப்போகிறது என்று ஆவலாகப் பார்த்தேன். ஒன்றும் எரியவில்லை. புல்லின் மேல் நெருப்பு சும்மா தடவிக்கொண்டு போனது. புல் கொஞ்சம் பளபளப்பானது, அவ்வளவுதான்.

“எரியலையேப்பா?”

“எரியக் கூடாது. சூடு பட்டாப் போதும். சாயங்காலம் பாரு.”

சாயங்காலம் பார்த்தால் அத்தனையும் கீரை மாதிரி துவண்டு கிடந்தது. என் அப்பா இவ்வளவு கெட்டிக்காரரா என்று எனக்கு வாயெல்லாம் பல். அம்மாவுக்கு வயிற்றெரிச்சல். “சோறாக்குற கேஸ வச்சுப் புல்லுக்கு ஒத்தடம் குடுக்குறாரு மனுசன். ரெண்டு ஆள விட்டா ஒரு நாள்ல வெட்டிப் போட்ருவாங்க.” அப்பா சிரித்துக்கொண்டு சிலிண்டரை உருட்டுவார்.

லீவில் வந்த ஆளை எங்கள் ஊரில் எல்லோரும் ஒரே மூச்சில் இரண்டு கேள்வி கேட்பார்கள். எப்ப வந்தீங்க? பயணம் எப்ப? முதல் கேள்விக்குப் பதில் வருவதற்குள் இரண்டாவது வந்துவிடும். கேட்பவருக்குக் கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது, அது ஒரு மரியாதை. ஒரு நாள் பெரியப்பா வந்து கேட்டில் நின்றபடியே கேட்டார். அப்பாவுக்கு அன்று என்ன கடுப்போ தெரியவில்லை.

“இந்தக் கோரைய ஒழிச்சுட்டுத்தாண்ணே கெளம்புவேன். அது வரைக்கும் இங்கிட்டுத்தான்.”

பெரியப்பா அதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டார். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

நெருஞ்சியும் சாரணையும் ஒரே சூட்டில் செத்துவிட்டன. கோரை அப்படியில்லை. மேலே தாள் வாடினாலும் அடியில் கிழங்கு இருக்கும். ஒரு வாரத்தில் ஊசி ஊசியாக மறுபடி எட்டிப்பார்க்கும். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. குளியலறைக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே, கோரை அடர்ந்த இடம் ஒன்று இருந்தது. தினமும் வேனிலிருந்து இறங்கியதும் பாட்டிலில் மிச்சம் வைத்த தண்ணீரை அங்கே கொண்டுபோய் ஊற்றினேன். போதாதென்று தொட்டியிலிருந்தும் மொண்டு ஊற்றினேன். அப்பா வாட்ட வாட்ட அது முளைத்தது. “எப்படித்தான் வருதோ சனியன்” என்று அவர் தலையைச் சொறிவார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடிவிடுவேன். சில நாள் அந்தக் கோரையிடம் பேசவும் செய்தேன். இன்றைக்கு என்ன பாடம் நடந்தது என்று அப்பா கேட்கமாட்டார், “சாப்ட்டியா”வோடு சரி.

லீவு முடிகிற தேதியைச் சுற்றிக் காலண்டரில் வட்டம் போட்டிருந்தது. அந்த நாள் வந்தது, போனது. அப்பா கிளம்பவில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். கோரைக்கு அன்று இரண்டு பாட்டில் தண்ணீர்.

ஆனால் அதற்குப் பிறகு வீடு ஒரு மாதிரியாகிவிட்டது. அம்மா கேஸைப் பற்றி வாயே திறக்கவில்லை. யாராவது கேட்டைத் தட்டினால் அப்பா பின்பக்கம் போய்விடுவார். களை இருக்கிறதோ இல்லையோ காலையிலும் மாலையிலும் நெருப்பு சீறியது. வெறும் மண்ணைக்கூடச் சுட்டுக்கொண்டு நின்றார். நாலரை மணிக்கு வீட்டில் இப்போது இரண்டு பேர் இருந்தோம். ஆளுக்கொரு பக்கம் தனியாக இருந்தோம்.

ஒரு நாள் தொட்டிக்கு அந்தப் பக்கம் அப்பா யாரோ ஏஜென்ட்டிடம் போனில் பேசுவது கேட்டது. “அண்ணே, எப்படியாச்சும் அனுப்பிவிடுங்கண்ணே. எந்த வேலையா இருந்தாலும் பரவால்ல. இங்க இருக்க முடியலண்ணே.” குரல் உடைந்திருந்தது. நான் பாட்டிலும் கையுமாக நின்றேன். அப்பாவுக்குப் போக வேண்டும். போக முடியவில்லை. பிடித்து வைத்திருப்பது நான். இப்படித்தான் என் கணக்கு போனது. அன்று ராத்திரி போர்வைக்குள் அழுது தீர்த்தேன். எனக்கு அவர் வேண்டும். ஆனால் அவர் அழுவது வேண்டாம்.

அடுத்த சனிக்கிழமை அம்மா ஊசி போடப் போயிருந்தார். அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நான் களைவெட்டியை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தேன். ஒரு கிழங்கைத் தோண்டினால் அதிலிருந்து நூல் மாதிரி வேர் போய் அடுத்த கிழங்கில் முடியும். அதிலிருந்து இன்னொன்று. மத்தியானச் சோறு சாப்பிடவில்லை. விரல் நகமெல்லாம் பிய்ந்து எரிந்தது. நாலு மணிக்கு அன்னக்கூடையில் பாதிக்குக் கிழங்கு சேர்ந்துவிட்டது. தூக்க முடியாமல் இழுத்துக்கொண்டுபோய் அப்பாவின் கட்டிலுக்கு முன்னால் வைத்தேன்.

“கோரை எல்லாத்தையும் தோண்டிட்டேம்பா. இனிமே மொளைக்காது. நீங்க போகலாம்.”

அவர் எழுந்து உட்கார்ந்தார். கூடையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“நீயுமா தாயி?” என்றார்.

எதற்கு “நீயுமா” என்கிறார் என்று தெரியவில்லை. இருந்தாலும் பெரிய தியாகம் செய்தவள் போல “ம்” என்று தலையாட்டினேன். அவர் என்னைக் குழாயடிக்குக் கூட்டிப்போய் விரல் விரலாக மண்ணைக் கழுவிவிட்டார். தலையில் கொஞ்ச நேரம் கை வைத்திருந்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். நான் கேட்டில் நின்று கையாட்டினேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அதன் பிறகு வீட்டில் நான் ஒருத்தி. பஸ்களுக்கு மார்க் போடத் தோன்றவில்லை. நெருப்பு சீறுகிற சத்தம் இல்லாமல் காம்பவுண்டு அவ்வளவு பெரியதாக இருந்தது. உள்ளே போனால் பெட்டி பீரோவுக்கு மேலே அப்படியே இருந்தது. பெட்டி இல்லாமல் எப்படி ஏர்போர்ட்டுக்குப் போவார் என்று ஒரு சந்தேகம் வந்தது. மறந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா அன்று ஐந்தரைக்கே வந்துவிட்டார்.

“அப்பா எங்கடி?”

“போயிட்டாரும்மா. நாந்தான் போகச் சொன்னேன்.”

“எங்க போகச் சொன்ன?”

“குவைத்துக்கு. கோரைதான் தீந்துருச்சே. அப்பாவுக்கு இங்க இருக்கப் புடிக்கல. அழுதாரு.”

அம்மாவின் கண் பிரிட்ஜுக்கு மேலே போனது. அங்கே அப்பாவின் செல் இருந்தது. “செல்லக் கூட எடுக்காமப் போயிருக்காரே!” என்றார். குவைத்தில் வேறு செல் இருக்கும் என்று நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே அவர் யூனிபார்ம் சேலையோடு ஓடிப்போய் ஸ்கூட்டியை எடுத்தார். ரோட்டுக்கு வந்தவர் இடப்பக்கம் திரும்பினார். இடப்பக்கம் கண்மாய். அதைத் தாண்டினால் கருவேலங்காடு, வேறொன்றும் இல்லை.

“அம்மா, பஸ் ஸ்டாப்பு அங்கிட்டும்மா!” என்று வலப்பக்கம் கையைக் காட்டிக் கத்தினேன். அவர் காதில் விழவில்லை.

இருட்டத் தொடங்கிய நேரத்தில் வண்டி வந்தது. அம்மா ஓட்ட, அப்பா பின்னால் உட்கார்ந்திருந்தார். அம்மா ஒரு கையால்தான் ஓட்டினார். மறுகை அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. இறங்கிய பிறகும் விடவில்லை. இரண்டு பேருக்கும் கண் சிவந்திருந்தது. எனக்கு அடி விழும் என்று நினைத்தேன். அம்மா என்னை இழுத்து அப்பாவின் மடியில் உட்கார வைத்துவிட்டுச் சோறு வடிக்கப் போனார்.

மறுநாள் பெரியப்பா கேட்டில் நின்று வழக்கமான கேள்வியைக் கேட்டபோது பதில் சொன்னது அம்மாதான். “அவரு இனிமே எங்கிட்டும் போகல. கம்பெனியில வேலை போயிருச்சு. போனாப் போகுது. உள்ள வந்து காப்பி குடிங்க.” அப்பா பின்பக்கம் போகாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

திங்கட்கிழமை வகுப்பில் நான் சும்மா இருக்கவில்லை. எங்கள் அம்மாவுக்குப் பஸ் ஸ்டாப் எந்தப் பக்கம் என்றே தெரியாது, தப்பான வழியில் போயும் என்ன அதிர்ஷ்டமோ, அப்பா கண்மாய்க் கரையிலேயே உட்கார்ந்திருந்தார் என்று நடித்தே காட்டினேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எல்லோரையும்விட நான்தான் அதிகம் சிரித்தேன்.