கார்புரேட்டரின் மேல் ஒரு மூடி

எங்கள் பழைய பெட்ரோல் கார் மார்கழியில் மட்டும் மக்கர் பண்ணும். வெயில் ஏறிவிட்டால் சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிடும். விடிகாலையில் என்றால் ஸ்டார்ட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும், இன்ஜின் பிடிக்காது. நெய்வேலியில் குளிர் என்பதே ஆறேழு வாரம்தான். அதற்குள் அது எங்களைப் படுத்தி எடுத்துவிடும்.

என்ன கோளாறு என்று முதல் வருஷமே கண்டுபிடித்துவிட்டேன். சுரங்கத்தில் ராட்சத இயந்திரங்களைப் பழுது பார்க்கிற ஃபோர்மன் நான், இதெல்லாம் எனக்கு ஒரு விஷயமா? பேட்டரி முனையில் பூத்திருந்த வெள்ளைப் பொடியை வெந்நீர் ஊற்றிக் கழுவினேன். ப்ளக்குகளைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து மாட்டினேன். அதற்குப் பிறகும் அதே கதைதான். கடைசியில் டாஷ்போர்டில் இருந்த சோக் குமிழை இழுத்துப் பார்த்தேன். எந்தப் பிடிமானமும் இல்லாமல் கையோடு வந்தது. உள்ளே கேபிள் அறுந்திருந்தது. குளிர் நேரத்தில் கார்புரேட்டருக்குள் போகும் காற்றை அடைத்தால்தான் பெட்ரோல் கூடுதலாக இறங்கி இன்ஜின் பிடிக்கும். கேபிள் இல்லாமல் அந்த அடைப்புத் தகடு அசையவே இல்லை.

புதுக் கேபிள் போடுவது அரை மணி நேர வேலை. நான் போடவில்லை. ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டுக் கார்புரேட்டரின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொள்வேன். என் மனைவி உள்ளே உட்கார்ந்திருப்பாள். நான் "ம்" என்றதும் சாவியைத் திருப்புவாள். இன்ஜின் இரண்டு முறை இருமும்போது கையை எடுத்துவிட வேண்டும். எடுக்கும் நேரம் கைக்குத்தான் தெரியும்.

அவள் என்னைவிட நன்றாகக் கார் ஓட்டுவாள். நெல்லிக்குப்பத்தில் தம்பி வீட்டில் இருந்த தன் அம்மாவைப் பார்க்க மாதம் இரண்டு முறையாவது காரை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். கேபிளைப் போட்டுவிடுங்கள், நீங்கள் ஷிஃப்ட்டுக்குப் போய்விட்டால் நான் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பொங்கல் கழியட்டும் என்பேன். பொங்கல் கழிந்தால் குளிர் விட்டுவிடும், கார் தானாகவே கிளம்பும், எனக்கும் மறந்துவிடும். இப்படியே மூன்று பொங்கல் போயிற்று. "ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழனிப் பானையில விழுமாம் துள்ளி" என்று என்னைப் பார்த்துச் சிரிப்பாள். நானும் வெட்கமில்லாமல் சிரிப்பேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்தக் காலை நேரம் எனக்குப் பிடித்திருந்தது. நான் கை வைக்காமல் அவள் கிளம்ப முடியாது என்பதில் உள்ளுக்குள் ஒரு பெருமை. இப்போது எழுதவே கூசுகிறது.

நாலாவது மார்கழியில் ஒரு நாள் முதல் ஷிஃப்ட்டுக்குப் போயிருந்தேன். வேலைக்கு இறங்கும்போது போனை லாக்கரில் வைத்துவிடுவது என் வழக்கம். மதியம் ஏறி வந்து எடுத்தால் அவளிடமிருந்து பதினொரு மிஸ்டு கால். கடைசியாக மைத்துனனிடமிருந்து ஒரு மெசேஜ். 'அம்மா தவறிட்டாங்க.'

குவார்ட்டர்ஸுக்கு ஓடி வந்தேன். கதவு பூட்டியிருந்தது. காரின் பானட் திறந்தபடி நின்றது. எதிர் வீடு ஆளில்லாமல் முள் மண்டிக் கிடக்கிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கும் என் ஷிஃப்ட்தான். யாரையும் அவள் கூப்பிட்டிருக்க முடியாது.

காலையில் என்ன நடந்தது என்று இதுவரை அவள் என்னிடம் சொன்னதில்லை. கார்தான் சொன்னது. அதிலேயே விட்டுப் போயிருந்த சாவியைத் திருப்பினால் ஒரு சத்தமும் இல்லை, பேட்டரி அடியோடு இறங்கியிருந்தது. கார்புரேட்டரின் வாயில் ஒரு மூடி. பருப்பு போட்டு வைக்கும் சம்படத்தின் மூடி. இங்கே கையும் அங்கே சாவியுமாக ஒரே ஆளால் முடியாதே, அதற்காக அடுக்களையிலிருந்து எடுத்து வந்திருக்கிறாள். கை விலகும், மூடி விலகாது. சாவு வீட்டுக்கு ஓட வேண்டிய நேரத்தில் நின்று ஒரு ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தேன், அப்படிப்பட்டவன் நான். அளவு மீறி இறங்கிய பெட்ரோலில் நனைந்து சொட்டியது, பொறி வர வழியில்லை. மூடியில் கரி படிந்த அவள் விரல் தடங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக. ஓடிப் போய்ச் சாவியைத் திருப்பி, ஓடி வந்து மூடியை எடுத்து, மறுபடி வைத்து, எத்தனை முறை ஓடினாளோ. அங்கேயே நின்று அழுதேன்.

அவள் பஸ்ஸில்தான் போயிருந்தாள். முத்தாண்டிக்குப்பம் வழியாகப் பண்ருட்டி, அங்கே இறங்கி வேறு பஸ். நெல்லிக்குப்பத்துக்கு முன்னால் ஆலைக்குக் கரும்பு ஏற்றி வந்த டிராக்டர்கள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றிருக்கின்றன. அவள் போய்ச் சேர்வதற்குச் சற்று முன்புதான் உயிர் பிரிந்திருந்தது. மைத்துனன் மனைவி என்னிடம் சாதாரணமாகத்தான் சொன்னாள்: "தெருவுல எந்த வண்டி போனாலும், கார் சத்தம் கேக்குதா பாரு, கார் சத்தம் கேக்குதா பாருன்னு கேட்டுக்கினே இருந்தாங்கண்ணே." நான் தலையை ஆட்டிக்கொண்டேன்.

காரியம் முடிந்த மறுநாள் வடலூர் போய்க் கேபிள் வாங்கி வந்தேன். அடுத்த நாள் விடியலில் மாட்டினேன். அரை மணிகூட ஆகவில்லை. அவளைக் கூப்பிட்டேன். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். குமிழை இழுத்துச் சாவியைத் திருப்பினாள். அந்தப் பனியிலும் முதல் சுற்றிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரம் சத்தத்தைக் கேட்டபடி இருந்தாள். பிறகு அணைத்துவிட்டு இறங்கிச் சாவியை என் கையில் கொடுத்தாள்.

"நல்லாத்தான் கெளம்புதுங்க. எனக்குப் போறதுக்குத்தான் எடம் இல்ல."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. அது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. காரை இப்போது நான்தான் ஓட்டுகிறேன், அவள் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறாள். அதற்குப் பிறகு அவள் சாவியைத் தொடவில்லை. பல்லிப் பழமொழியையும் சொல்வதில்லை.