மாரித்தாயின் மாவுக்கட்டு

மாரித்தாயின் விரல்கள் பீடி சுற்றிக்கொண்டிருந்தன. கண்கள் உத்திரத்தில் இருந்தன. மல்லாந்து கிடப்பவளால் வேறு எதைப் பார்க்க முடியும்? நெஞ்சின் மேல் புகையிலைத் தூள் பரப்பிய சுளகு, சுளகுக்கு அடியில் மாவுக்கட்டு. அக்குளில் தொடங்கி இடுப்பெலும்பைத் தாண்டி இறங்கிய அந்தக் கட்டு கல்லைப் போல் இருந்ததால் சுளகு ஆடாமல் நின்றது. வெட்டிய இலையில் புகையிலைத் தூளை வைத்து, உருட்டி, நூலைச் சுற்றி, நுனியை மடக்கிப் போடுவதற்கு அவளுக்குக் கண் வேண்டியதில்லை. இலைகளை ஈரத்துணியில் பொதிந்து வலது இடுப்பை ஒட்டி வைத்திருப்பாள். கையை நீட்டி எடுத்துக்கொள்வாள்.

"மதராஸ் டாக்டரு நல்லா மேசை போட்டுக் குடுத்திருக்காரு" என்றாள் உலகம்மாள், அவளுடைய அண்ணன் பெண்டாட்டி.

"சிரிக்க வைக்காதிய மைனி. சிரிச்சா உயிரு போவுது."

அது பேச்சுக்குச் சொன்னதல்ல. சிரிப்பு, இருமல், தும்மல் எல்லாவற்றுக்கும் மாரித்தாய் நடுங்கினாள். புகையிலைத் தூள் மூக்கில் ஏறினால் வேலையைப் போட்டுவிட்டு மூக்குத் தண்டை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். தும்மல் திரும்பிப் போகும்வரை மூச்சு விட மாட்டாள்.

சின்னப் பிள்ளையிலேயே வளையத் தொடங்கிய முதுகு அது. வலது தோள்பட்டை மேலே ஏறி, விலா ஒரு பக்கம் புடைத்துவிட்டது. கோணல் முதுகுக்குப் பெயர் வைக்கத் தென்காசியில் ஆளுக்கா பஞ்சம்? வைத்தார்கள். அவளும் வைத்தவர்களுக்கெல்லாம் ஒரு பெயர் வைத்தாள். கல்யாணம் நடக்கவில்லை, பீடி சுற்றிப் பிழைத்தாள். முப்பது தாண்டியதும் வாசற்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. வளைந்த விலா நுரையீரலை நெருக்குகிறது, இனியும் விட்டால் மூச்சுக்கே மோசம் என்று உள்ளூர் டாக்டர் பால்வண்ணநாதன் சொல்லிவிட்டார். பட்டாளத்தில் இருந்த அண்ணன் செல்லச்சாமி லீவு போட்டு வந்து மதராசுக்குக் கூட்டிப் போனான். அது அறுபத்தொன்றாம் வருஷம். அங்கே முதுகை நீளக் கிழித்து, இடுப்பெலும்பிலிருந்து சில்லுச் சில்லாக எடுத்து முதுகெலும்பின் மேல் அடுக்கித் தைத்தார்கள். அடுக்கியது ஒட்டிப் பிடிக்க மாதக்கணக்கில் ஆகும்; அதுவரை உட்காரவும் கூடாது, நிற்கவும் கூடாது என்று கட்டுப் போட்டு அனுப்பினார்கள். ரயிலில் பலகையில் கிடத்தித்தான் ஊர் கொண்டுவந்தார்கள். அண்ணன் பட்டாளத்துக்குத் திரும்பிப் போனான்.

ஒரே பக்கமாகக் கிடந்தால் தோல் செத்துப்போகும். அதனால் காலை, மத்தியானம், சாயங்காலம் என்று புரட்டிப் போட வேண்டும். அதற்குப் பக்கத்துத் தெரு சுகிர்தம் வந்தாள். மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் நோயாளிகளைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவள். தோளை ஒருத்தியும் இடுப்பை ஒருத்தியும் பிடித்து, மரக்கட்டையை உருட்டுவதுபோல் உடம்பு முழுவதையும் ஒரே சமயத்தில் திருப்ப வேண்டும். எவ்வளவு பக்குவமாகத் திருப்பினாலும் வலி வரும். நடுமுதுகில் பிடித்து, விலாவைச் சுற்றிக்கொண்டு ஏறி, பல்லைக் கடிக்க வைத்துவிடும். வலியாவது வந்துவிட்டுப் போகும். வரப்போகிறதே என்ற பயம் போவதே இல்லை. வாசலில் சுகிர்தத்தின் செருப்புச் சத்தம் கேட்டால் மாரித்தாய் பீடியைப் போட்டுவிட்டுக் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொள்வாள்.

"மூச்ச அடக்காதட்டி. அடக்குனா ஒடம்பு வெறச்சிக்கிடும், வலி ரெட்டிக்கும். ஊதி வெளிய விடு. கத்தணும்னா கத்து" என்பாள் சுகிர்தம்.

"தெருவே சிரிக்கும்க்கா."

"சிரிக்கவனுக்கா வலிக்கி?"

இப்படியாக ஓடிக்கொண்டிருந்தது. ஆனியில் சாரல் விழத் தொடங்கிய சமயம், சுகிர்தம் தன் மகள் பிரசவத்துக்குச் சுரண்டை போக வேண்டி வந்தது. போகுமுன் உலகம்மாளையும் எதிர்வீட்டுக்காரியையும் நிறுத்திவைத்து, எங்கே பிடிப்பது, எப்படித் திருப்புவது என்று செய்து காட்டிவிட்டுத்தான் போனாள்.

மறுநாளே இடுப்பைப் பிடித்த உலகம்மாளின் கை நழுவியது. மாரித்தாய் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக்காரி, "இதுக்கு ஐந்தருவியில கொண்டு நிறுத்துனா ஒரே நாள்ல சரியாயிரும்" என்று சொல்லிவிட்டுப் போனவள், திரும்பி வரவில்லை.

"மைனி, இன்னைக்கி ஒரு நாள் விட்டுருங்க. ஒங்களக் கும்பிடுதேன்."

"சுகிர்தக்கா வந்து கேட்டா என்னட்டி சொல்ல?"

"நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுவியளா?"

ஒரு நாள் என்றது தினமும் ஆயிற்று. காலையில் மட்டும் முதுகுக்கு ஒரு துணியை அண்டை கொடுத்துவிட்டு, திருப்பியாயிற்று என்று இரண்டு பேரும் வைத்துக்கொண்டார்கள். உலகம்மாள் கெட்டவள் அல்ல, இரக்கப்பட்டாள். படுக்கையில் கிடப்பவர்களைக் கெடுப்பதில் பாதி இந்த இரக்கம்தான்.

வலது இடுப்பில், கட்டுக்குள்ளே, ஒரு இடம் தணல் வைத்தாற்போல் எரியத் தொடங்கியது. மாரித்தாய் பல்லைக் கடித்துக்கொண்டாள். சில நாளில் எரிச்சல் தானாகவே நின்றது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. அந்த அப்பாடாவுக்குத்தான் அவள் பயந்திருக்க வேண்டும். நெருக்குப்பட்ட தோல் உயிரோடு இருக்கும் வரைதான் எரியும்.

அப்புறம் நாற்றம் வந்தது. உத்திரத்தில் எலி செத்துக் கிடக்கிறது என்று முதலில் நினைத்தாள். உலகம்மாள் ஏணி வைத்து ஏறித் தேடியும் பார்த்தாள். எலி இல்லை. அன்று ராத்திரி போர்வையைத் தூக்கியபோது நாற்றம் தன் உடம்பிலிருந்துதான் வருகிறது என்று மாரித்தாய்க்குத் தெரிந்துவிட்டது. உள்ளே அடுக்கிய எலும்பு அழுகுகிறது என்று முடிவு செய்தாள்.

மதராசில் அவளுக்கு அடுத்த கட்டிலில் ஒரு ஆந்திரக்காரி இருந்தாள். எலும்பு ஒட்டவில்லை என்று அவளை மறுபடியும் உள்ளே கொண்டுபோய்த் திறந்தார்கள். திரும்பி வந்தவள் கத்தக்கூட இல்லை. வாயைத் திறந்தபடி சுவரைப் பார்த்துக் கிடந்தாள். அந்த வாய் மாரித்தாய்க்கு மறக்கவில்லை. சொன்னால் தன்னையும் கொண்டுபோவார்கள். சொல்லாவிட்டால் உள்ளுக்குள்ளேயே அழுகிச் சாக வேண்டும். இரண்டில் எது மேல் என்று யோசித்து யோசித்துப் பார்த்தாள். கடைசியில், சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டாள். சுளகை நெஞ்சிலிருந்து எடுக்க விடவில்லை. புகையிலைத் தூளைக் கட்டிலோரத்தில் திறந்தே வைத்தாள். அந்த நெடிக்கு முன்னால் வேறு எது நிற்கும்? சாரல் ஈரத்தில் சுவரும் சேலையும் நாறுகிற காலம் வேறு. உலகம்மாளும் கண்டுகொள்ளவில்லை.

சுகிர்தம் ஒரு சாயங்காலம் திரும்பி வந்தாள். உள்ளே நுழைந்ததும் அடுக்கடுக்காகத் தும்மினாள்.

"என்ன எழவுட்டி இது, வீடா, பீடிக் கடையா? ஒழுங்காப் புரட்டுனாங்களா?"

"புரட்டுனாங்கக்கா."

"எங்கயாவது எரியுதா?"

"இல்லக்கா."

அது பொய்யும் அல்ல. சுகிர்தம் கை கழுவப் போனாள். அந்த நேரத்தில் வாசலில் குடையை மடக்கிக்கொண்டு ஆதம் பாய் வந்து நின்றார். கடையநல்லூர்க்காரர், மாரித்தாய்க்கு இலையும் தூளும் கொடுத்துப் பீடி வாங்குகிறவர். கையில் ஒரு பொட்டலம்.

"தாயி, இம்புட்டு வருசத்துல ஒம் பீடிய நான் ஒரு குத்தம் சொன்னதுண்டா?"

"என்ன பாய், இலை கிழிஞ்சிருக்கா?"

"கிழியல. காய வைக்கச் சூட்டுல வச்சா நாறுது."

உலகம்மாள் முந்திக்கொண்டாள். "சாரல் ஈரம் பாய். எஞ் சேலையுந்தான் நாறுது. மோந்து பாக்கியளா?"

"எம்மா, என்னைய ஊர விட்டு வெரட்டப் பாக்கியளே! ஈர நாத்தம் எனக்குத் தெரியாதா? இது வேற. சொல்லவே வாய் கூசுது. மத்தவங்க சுத்துனது எதுலயும் இல்ல, இந்தப் பிள்ள சுத்துனதுல மட்டும் இருக்கு."

சுகிர்தம் ஈரக்கையோடு வந்தாள். இடுப்போரம் கிடந்த ஈரத்துணியை எடுத்து முகர்ந்தாள். சுளகு, தூள், இலை எல்லாவற்றையும் வாரி ஆதம் பாய் கையில் கொடுத்து, "இத வெளிய கொண்டு போயிருங்க பாய்" என்றாள். சன்னலைத் திறந்துவிட்டு நின்றாள். சாரல் காற்றில் புகையிலை நெடி கலைந்தது. மற்றது கலையவில்லை. இடுப்புக்கு அடியில் கைவிட்டாள். கட்டு நைந்து ஈரமாக இருந்தது. விரலில் பழுப்பாக ஒட்டியது.

"எரிச்சல் இருந்துச்சா, இல்லையா? இப்பவாது நெசத்தச் சொல்லு."

"இருந்திச்சி. பொறவு நின்னுட்டு."

"நின்னதும் சந்தோசப்பட்டியாக்கும், கோட்டிக்காரி!"

மாரித்தாய் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். "எலும்பு அழுகிட்டுல்லாக்கா? என்னைய மதராசுக்கு மட்டும் அனுப்பிராதிய. இங்கனயே கெடந்து செத்துப் போறேன்."

"சாவு என்ன, கூப்பிட்டதும் வாரதுக்கு ஒங்க மாமனா? கால் வெரல ஆட்டு. ம். அது ஆடுது. தோலா எலும்பாங்கிறது கட்டத் தொறந்தாத்தான் தெரியும்."

"தோலுதான்னு சொல்லுங்கக்கா."

"தெரியாதத எப்பிடிட்டிச் சொல்ல?"

ஒரு பொய்தான் கேட்டாள். அது கிடைக்கவில்லை. உலகம்மாள் மூலையில் நின்று அழுதாள். சுகிர்தம் அவளைத் தோள் பக்கம் நிறுத்தித் தான் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். அந்த இடத்தில் பாரம் படாமல் இடது பக்கமாகத் திருப்பினார்கள். மாரித்தாய் ஊதவும் மறந்து கத்தினாள். சுகிர்தம் டாக்டருக்கு ஆள் அனுப்பிவிட்டுக் கட்டிலுக்குக் கீழேயே பாயை விரித்துப் படுத்தாள். மேலே மாரித்தாய் ஆந்திரக்காரியின் வாயை நினைத்துக்கொண்டு விடியும் வரை விழித்துக் கிடந்தாள்.

காலையில் டாக்டர் பால்வண்ணநாதன் வந்தார். கூடவே கம்பவுண்டர் இசக்கியப்பன், ஒரு சின்ன ரம்பத்தோடு. ரம்பத்தைப் பார்த்ததும் மாரித்தாய் உலகம்மாளின் மணிக்கட்டைப் பிடித்தவள்தான், நகம் பதிந்தும் விடவில்லை.

"கட்டைப் பூரா எடுக்கல. இடுப்புகிட்ட மட்டும் ஒரு சன்னல் வெட்டுதேன். முதுகு அசையாது" என்றார் டாக்டர்.

ரம்பம் இழுக்க இழுக்க, அந்தச் சத்தம் கட்டு முழுவதும் அதிர்ந்து அவள் பல்லுக்குள் கேட்டது. துண்டு பெயர்ந்தபோது இசக்கியப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். உலகம்மாள் திருப்பவில்லை. கொட்டைப்பாக்கு அகலத்துக்குத் தோல் கறுத்துச் செத்திருந்தது. டாக்டர் அதை வெட்டி எடுத்தார். மாரித்தாய்க்கு அது தெரியவே இல்லை. தெரியாததுதான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது. பிறகு மெல்லிய கம்பி ஒன்றைப் புண்ணுக்குள் விட்டு ஆழம் பார்த்தார்.

"எலும்பு தட்டல. கீழ சதை இருக்கு" என்றார். கம்பி ஓரத்தில் பட்டது. மாரித்தாய் அலறினாள்.

"எங்கன வலிக்கி?" என்றாள் சுகிர்தம்.

"அங்கனதான்! இப்பத் தொட்டிய பாருங்க, அங்கன!"

"சரி. அங்கன உயிரு இருக்கு."

"மதராசுக்குப் போவணுமா டாக்டரு?"

"இப்ப வேண்டாம். புண்ணு ஆறுதான்னு பாப்போம். ஆறலன்னா அப்ப யோசிப்போம்."

டாக்டர் புண்ணைக் கழுவி, மருந்தில் நனைத்த துணியை வைத்துவிட்டுப் போனார். கட்டில் வெட்டிய அந்தச் சன்னலுக்குக் காற்றுப் பட வேண்டும் என்று அவளைக் குப்புறத் திருப்ப வேண்டியிருந்தது. "ஊது" என்றாள் சுகிர்தம். இந்தத் தடவை மாரித்தாய் ஊதினாள், கத்தவும் செய்தாள். எதிர்வீட்டுக் கதவு திறந்து மூடிற்று.

மாரித்தாயின் தலை கட்டிலின் விளிம்பைத் தாண்டி நின்றது. உலகம்மாள் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, கஞ்சியைக் கரண்டியில் எடுத்துக் கீழேயிருந்து ஊட்டினாள்.

"மத்தியானம் மறுபடியும் புரட்டணுமாம்."

"கேட்டேன்."

"விட்டுருங்கன்னு சொல்லுவ."

"சொல்லுவேன் மைனி. நீங்க எம் பேச்சக் கேக்காதிய."

உலகம்மாள் அடுத்த கரண்டியை நீட்டினாள்.