சார் வீட்டுத் திராட்சைப் பெட்டி

ஒவ்வொரு வெட்டுக்கும் எங்கள் ஓடைப்பட்டித் தோட்டத்திலிருந்து ஒரு திராட்சைப் பெட்டி தனியாகப் பஸ் ஏறித் தேனிக்குப் போகும். மற்றதெல்லாம் மண்டிக்கு, அது மட்டும் சார் வீட்டுக்கு. மூடியில் தடித்த மார்க்கரில் இருக்கும் பெயர் அவருடையது, கையெழுத்து என்னுடையது. வீட்டில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

சார் எங்கள் பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளர். அப்போது புதிதாக வந்திருந்த ஒரு மென்பொருளை சிடியில் கொண்டுவந்திருந்தார். மோட்டார், வால்வு, தொட்டி என்று சின்னச் சின்னக் கட்டங்களைத் திரையில் வைத்துக் கோடிழுத்து இணைத்தால் போதும், எதையும் நிஜத்தில் பூட்டாமலே அது எப்படி ஓடும் என்று பார்த்துவிடலாம். எனக்குத் தெரிந்த மோட்டார் எங்கள் கிணற்று மோட்டார்தான். த்ரீ ஃபேஸ் கரண்ட் இருக்கிற நேரத்துக்குள் எந்த வரிசைக்கு எவ்வளவு தண்ணீர் என்று தானே முடிவெடுத்து வால்வைத் திறக்கும்படி எங்கள் தோட்டத்தையே அதில் கட்டினேன். சாருக்கும் அந்த மென்பொருள் புதிது. இருவரும் தட்டுத்தடுமாறித்தான் கற்றுக்கொண்டோம். “இந்தக் காலேஜ்ல இது ஒனக்கும் எனக்கும் மட்டுந்தான்டா தெரியும்” என்பார். கேட்கும்போது காது குளிரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கே வந்து மோட்டார் ரூமைப் படமெடுத்தார். அம்மா வைத்த கோழிக்குழம்பை மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். “சார் எம்புட்டுப் பதவிசா இருக்காக பாத்தியா” என்று அம்மாவுக்குத் தாங்கவில்லை. கிளைகளை வெட்டிவிடும் கவாத்துக்கு முன் தண்ணீரை நிறுத்திக் கொடியைக் காயப்போடுவோம், என் மாதிரியிலும் அந்த நாட்களில் தண்ணீர் அளவைக் காட்டும் கோடு தரையோடு படுத்துக் கிடக்கும் என்று பந்தலடியில் நின்று அவருக்கு விளக்கினேன். “கான்ஃபரன்ஸ்ல ஒம்பேரு மொதல்ல, எம்பேரு அடுத்து” என்றார் அங்கேயே வைத்து.

அதை நம்பித்தான் அப்பாவையும் கருத்தரங்குக்கு அழைத்துப் போனேன். சலவைச் சட்டை போட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். ப்ரொஜெக்டருக்குப் பக்கத்தில் பட்டனை அழுத்த நான். முதல் பக்கம் திறந்தது. சார் பெயர், அதன்கீழ் துறைத்தலைவர் பெயர். அடுத்த பக்கத்தில் இருக்குமோ என்று தட்டினேன். எங்கள் மோட்டார் ரூம் வந்தது, கொடிகள் வந்தன. கடைசிப் பக்கம்வரை நான் வரவில்லை.

பேசி முடித்ததும் வெளிக்கல்லூரிக்காரர் ஒருவர், இந்தக் கோடு ஏன் இத்தனை நாள் படுத்துக் கிடக்கிறது என்று கேட்டார். சார் திரையைப் பார்த்தார். ஒரு எட்டுத் தூரத்தில் நின்ற என்னைப் பார்க்கவில்லை. “பவர்கட்” என்றார். அரங்கமே சிரித்தது. ஆங்கிலப் பேச்சில் அப்பாவுக்குப் புரிந்த ஒரே வார்த்தை அதுதான். அவரும் சேர்ந்து சிரித்தார்.

வெளியே வந்ததும், “ஒம்பேரு எங்கன போட்டிருக்காக?” என்று கேட்டார்.

“புஸ்தகத்துல உள்ள வரும்ப்பா.”

அதற்குள் சார் வந்து என் தோளில் கை போட்டார். “நல்ல பையன்யா. கூடமாட ஒத்தாசையா இருந்தான்” என்றார். அப்பா கும்பிட்டார். “நம்ம தோட்டத்த மேடையேத்திட்டீக சார். இனி வெட்டுக்கு வெட்டு ஒரு பெட்டி ஒங்க வீட்டுக்கு வந்துரும்.” சார் வேண்டாம் என்று சொல்லவில்லை. மண்டியில், டீக்கடையில், சொந்தக்காரர் வீட்டில் எல்லாம் அப்பா அந்த மேடையைப் பற்றிச் சொல்லித் தீர்த்துவிட்டார். அதன்பிறகு எதைச் சொல்லி அவர் வாயை மூட?

இப்போது கோயம்புத்தூரில் ஆலைகளுக்கு அதே மென்பொருளில் மாதிரி கட்டும் வேலைதான் செய்கிறேன். வழக்கம்போல் போன வெட்டுக்கும் விடுப்பில் வந்திருந்தேன். நல்ல குலைகளாகப் பொறுக்கி அடுக்கி, செய்தித்தாள் பரப்பிப் பெட்டியை மூடினார் அப்பா.

“பேர எழுதுலே. கண்டக்டருக்குத் தெரியிற மாதிரி பெருசா எழுது. முன்னால டாக்டர்னு போடு. சார் பட்டம் வாங்கிட்டாகளாம்ல.”

எதை ஆராய்ந்து வாங்கிய பட்டம் என்று அவர் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

டாக்டர் என்று போட்டு, எழுதினேன்.