பெரிய வெள்ளியும் பீச் நாற்றுகளும்

விபோர்க் பக்கம் காட்டு வேலைக்கு ஆள் தேடினால் லோரன்ஸின் பெயரைத்தான் சொல்வார்கள். மன்னாரில் பிறந்தவன். டென்மார்க்குக்கு வந்து நெடுங்காலம் இறைச்சித் தொழிற்சாலையில் நின்றான். அங்கே குளிரில் தோள்மூட்டு பிழைவிட, மரம் நடவும் வெட்டவும் ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் சேர்ந்தான். சொன்ன வேலையைச் சொன்னபடி முடிப்பவன் என்று பெயர். அந்தப் பெயரை எல்லோரையும்விட அதிகமாக நம்பியவன் அவனேதான்.

ஊருக்கு வெளியே கிர்ஸ்டன் என்ற முதிய விதவைக்கு ஒரு சிறிய காடு இருந்தது. பெரும்பாலும் பீச் என்ற அகன்ற இலைக் காட்டுமரங்கள். டேனிஷ்காரருக்குப் பீச் தளிர்த்தால்தான் வசந்தம். மே மாதம் ஒரு கொப்பை ஒடித்துவந்து வீட்டுக்குள் வைக்காவிட்டால் அவர்களுக்கு மனம் ஆறாது. 2018 கோடையில் மழை பொய்த்தது. அதன்பின் மேல்சரிவின் பெரிய மரங்கள் உச்சியிலிருந்து காயத் தொடங்கின. பக்கத்துக் காட்டுக்காரர்கள் ஓக்குக்கும் டக்ளஸ் என்ற ஊசியிலை மரத்துக்கும் மாறினார்கள். கிர்ஸ்டன் மாறவில்லை. பட்டதை வெட்டிவிட்டு அதே இடத்தில் பீச் நாற்றையே வைத்துப் பார்ப்போம் என்றார். பிடித்தால் காடு பீச்சாகவே இருக்கும். பிடிக்காவிட்டால் கீழ்ச்சரிவு உட்பட முழுவதையும் மாற்றிவிடலாம். அந்தச் சோதனையை லோரன்ஸின் கையில் ஒப்படைத்தார்.

நாற்றுகள் ஈஸ்டருக்கு முந்திய புதன்கிழமை மாலை வந்தன. வெறும் வேரோடு, பைகளில். அப்படி வரும் நாற்றின் வேரில் காற்றுப் படக்கூடாது. நடும்வரை ஈர மண்ணில் நீளப் பள்ளமாக ஒரு கான் வெட்டிப் புதைத்து வைக்க வேண்டும். லோரன்ஸுக்கு இது தெரியும். ஆனால் இருட்டிக்கொண்டு வந்தது. வேர் அவிந்துவிடக்கூடாது என்று காட்டோரத்திலேயே பைகளின் வாயை அவிழ்த்துவிட்டு, காலையில் வந்து புதைக்கிறேன் என்று போய்விட்டான்.

வியாழக்கிழமை கோவிலில் கால் கழுவும் சடங்குக்குச் சீடர்களில் ஒருவனாக அவனையும் இருத்தியிருந்தார்கள். அதற்கு முன்னால் கதிரை அடுக்கு, பாய் விரி என்று பகலும் போனது. மறுநாள் பெரிய வெள்ளி. ஆண்டவர் மரித்த நாளில் மண்ணைக் கொத்தக்கூடாது என்பது அவன் வீட்டு வழக்கம். டென்மார்க்கிலும் அதை அவன் ஒருநாளும் மீறியதில்லை. ஒரு நாளில் என்ன வந்துவிடப்போகிறது என்று சிலுவைப்பாதைக்குப் போனான். வெளியே கிழக்குக் காற்று இரண்டு நாளும் ஓயாமல் வீசியது.

சனிக்கிழமை போய்ப் பார்த்தபோது வேரெல்லாம் காய்ந்து தும்புபோல் கிடந்தது. அப்போதே கிர்ஸ்டனின் கதவைத் தட்டியிருக்கலாம். தட்டவில்லை. தண்ணீரில் ஊறவைத்து, ஒன்றுவிடாமல் நட்டான். வரிசை என்னவோ மிக நேராக இருந்தது.

அந்தக் கோடையும் வறண்டது. லோரன்ஸுக்கு அது பெரிய உதவி. ஒரு தளிர்கூட மிஞ்சவில்லை. காடு வளர்ப்பு ஆலோசகர் ஒருவர் வந்தார், மணலைக் கையில் அள்ளிப் பார்த்தார், இந்த வெயிலுக்கும் இந்த மண்ணுக்கும் பீச் இனிச் சரிவராது என்றார். பழி முழுவதும் வானத்தின் தலையில் விழுந்தது. கிர்ஸ்டன் கோப்பி ஊற்றிக் கொடுத்து லோரன்ஸைத்தான் தேற்றினார். நீங்கள் உங்களால் முடிந்ததைச் செய்தீர்கள் என்று அவன் கையைத் தட்டிக்கொடுத்தார். ஒரு துண்டு கேக்கும் வைத்தார். அவன் அதைத் தின்று முடித்தான்.

அடுத்த வசந்தத்தில் மேல்சரிவில் டக்ளஸ் நட்டான். அதற்கடுத்த மாரிக்குளிரில் கீழ்ச்சரிவின் முதிய பீச் மரங்களை, அவற்றுக்கும் இனி எதிர்காலமில்லை என்று விற்றபோது, வெட்டியவனும் அவன்தான். அடிமரம் உள்ளே வெள்ளையாக, நல்ல சுகமாக இருந்தது. அன்று வீட்டுக்கு வந்து சாப்பாட்டைத் தள்ளிவைத்தான். என்ன என்று மனைவி விக்ரோரியா கேட்கக் கேட்க, எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

“பாவசங்கீர்த்தனத்திலை சொன்னியளோ?” என்றாள் அவள்.

சொல்லவில்லை. பத்துக் கட்டளையில் இதை எதற்குள் சேர்ப்பது என்று தனக்குத் தெரியவில்லை என்றான்.

“சாமியாரிட்டைச் சொல்லி என்ன? காடு அவரின்ரையே? அந்த மனிசியிட்டைப் போய்ச் சொல்லுங்கோ.”

அதன்பிறகும் அவன் சில வாரம் இழுத்தடித்தான். கீழ்ச்சரிவிலும் டக்ளஸ் வைக்க வரச்சொல்லி கிர்ஸ்டன் கூப்பிட்டபோதுதான் போனான். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே, தனக்குத் தெரிந்த டேனிஷில், பையின் வாயை அவிழ்த்ததிலிருந்து ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். கத்துவார், வேலையை விட்டுப் போகச் சொல்லுவார், ஒப்பந்தக்காரருக்குப் போன் எடுப்பார் என்று எதிர்பார்த்தான். அப்படிச் செய்திருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கிர்ஸ்டன் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அவர் முகத்தில் வந்தது கோபமில்லை. ஒரு ஆசை.

“அப்படியென்றால் வெயில் கொல்லவில்லையா? பீச் இங்கே பிழைத்திருக்குமா, லோரன்ஸ்?”

ஓம் என்றால், வெட்டிய மரங்களுக்கு அவர் காலமெல்லாம் அழுவார். இல்லை என்றால், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இன்னொரு முறை வெயிலைக் கூப்பிட்டதாகும். வேர் காயாமல் நட்டிருந்தாலும் அந்தக் கோடையை அவை தாண்டியிருக்குமா என்று அவனுக்கு உண்மையிலேயே தெரியாது. ஆலோசகருக்கும் தெரியாது. அதை அறிவதற்காகத்தான் கிர்ஸ்டன் அந்த நாற்றுகளை வாங்கியிருந்தார்.

“எனக்குத் தெரியாது,” என்றான். கிர்ஸ்டன் அவனைத் தாண்டிக் கீழ்ச்சரிவைப் பார்த்தார். அங்கே அடிக்கட்டைகள் மட்டும்தான் நின்றன.