எந்த மாடியில் நின்றது?

லிஃப்ட் பழுது பார்க்கும் அந்த மனிதருக்குச் சீட்டுக்காரர் என்று பெயர் வைத்தவர்கள் கட்டடக் காவலாளிகள். அவர் சீட்டாடியதும் இல்லை, சீட்டுப் பிடித்ததும் இல்லை. "லிஃப்ட் கெட்டுப்போச்சு" என்று யாராவது போன் செய்தால் போதும், அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"கெட்டுப்போறதுக்கு அது என்ன பாலா? எந்த மாடியில நின்னுச்சு? ஏறும்போதா, இறங்கும்போதா? சீட்டுல எழுதுங்கய்யா!"

காரணம் இல்லாமல் கத்தவில்லை. கம்பெனியில் மூன்று வகை ஆட்கள் உண்டு. கதவு பார்ப்பவர், கரண்ட் பார்ப்பவர், மோட்டார் பார்ப்பவர். கதவு மூடாத லிஃப்டுக்கு மோட்டார்காரரை அனுப்பினால் அவர் மோட்டாரைத் தடவிக் கொடுத்து, 'எல்லாம் சரி' என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவார். கதவு அப்படியே இளித்துக்கொண்டு நிற்கும். அதனால் சீட்டுக்காரர் தானே ஏழு கேள்விகள் போட்டு ஒரு சீட்டு அச்சடித்து, கட்டடம் கட்டடமாகக் கொடுத்து வைத்திருந்தார். ஏழாவது கேள்வி: 'கோளாறுக்கு முன் கடைசியாக நடந்த வேலை என்ன?' பாதி வியாதி அதில்தான் ஒளிந்திருக்கும் என்பார்.

இருபத்திரண்டு வருடம் இப்படிப் போனது. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில், லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று, பெட்டி ஏறி இறங்கும் தண்டவாளத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். ஆறாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் நடுவில். ஒன்றுமே நடக்கவில்லை, அதுதான் வேடிக்கை. ஒன்றுமே நடக்காமல் நெஞ்சு படபடவென்று அடித்தது, விரல்கள் மரத்தன, மூச்சு பாதி வழியில் நின்றது. கதை முடிந்தது என்று நினைத்தார்.

இதய டாக்டர் நெஞ்சில் வயர் ஒட்டிப் பார்த்தார், ஓடவிட்டுப் பார்த்தார், ரத்தம் எடுத்துப் பார்த்தார்.

"இதயம் குதிரை மாதிரி இருக்கு. இது பயத்துல வர்ற படபடப்பு. மனநல டாக்டர் ஒருத்தரைப் பாருங்க."

சீட்டுக்காரருக்கு முதல் வாக்கியம் மட்டும் காதில் ஏறியது. மனைவியிடமும் குதிரையை மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து கையில் ஒரு நடுக்கம்; பெட்டியின் மேல் ஏறுவதில்லை. அவருடைய கூட்டாளிக்குக் கிரீஸ் என்று பெயர். எட்டு வருடமாகக் கூடவே வேலை செய்பவன். "முட்டி வலிக்குதுடா, நீ ஏறு" என்று அவனை ஏற்றிவிட்டு, இவர் மோட்டார் அறையில் உட்கார்ந்துகொள்வார். வீட்டுக்கு வந்தால் செருப்பு மேல் கோபம், சோப்பு மேல் கோபம், காணாமல் போன சீப்பு மேல் கோபம். அதில் பாதி மனைவி மேல் தெறித்தது.

மனைவி துணி மாற்றித் தைக்கும் கடையில் வேலை பார்த்தாள். கடைக்கு மேல் மாடியில் குடும்ப நல ஆலோசகர் என்று ஒரு பலகை. பார்த்துப் பார்த்து, ஒருநாள் இவரை இழுத்துக்கொண்டு ஏறிவிட்டாள்.

"என்ன பிரச்சினை?" என்றார் ஆலோசகர்.

பக்கத்தில் மனைவி. சீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வீட்ல அடிக்கடி சண்டைங்க" என்றார்.

ஆலோசகர் நல்ல மனிதர். தினம் ஒருவரை ஒருவர் ஒரு வார்த்தை பாராட்ட வேண்டும் என்று வீட்டுப்பாடம் கொடுத்தார்.

"நீ ஊசில நூல் கோக்கற அழகே தனி" என்றார் இவர், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"நீங்க ஒரு மாசமா குறட்டை விடாம தூங்கறது எனக்கு ரொம்ப நிம்மதி."

"தூங்கினாத்தானே குறட்டை" என்று வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டார்.

நாலு வாரத்தில் சண்டை ஓய்ந்தது. கை நடுக்கம் மட்டும் ஓயவில்லை.

அதே பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் வருடாந்திரப் பாதுகாப்புப் பரிசோதனை வந்தது. ஒருவர் பெட்டியின் மேல் நிற்க, இன்னொருவர் மோட்டார் அறையில் பிரேக்கைப் பிடித்திருக்க வேண்டும். அதற்குப் பத்து நாள் முன்னால், கிரீஸ் கருவிப் பையைத் தரையில் வைத்தான்.

"அண்ணே, நான் ஏற மாட்டேன்."

"ஏன்டா?"

"நான் மேல நிக்கறப்ப பிரேக் உங்க கையில இருக்கும். அந்தக் கை ஆடுது."

"முட்டி வலிடா…"

"முட்டி வலிச்சா கை ஏண்ணே ஆடுது? என்னன்னு சொல்லுங்க. இல்லன்னா சூப்பர்வைசர்கிட்ட வேற ஆள் கேப்பேன். உங்களை விட்டுப் போக ஆசையில்ல. எனக்கு உசுரோட இருக்க ஆசை, அவ்ளோதான்."

 இருபத்திரண்டு வருடத்தில் சீட்டுக்காரர் கையை நம்ப மாட்டேன் என்று யாரும் சொன்னதில்லை. மத்தியானமே கிளம்பி நேராகத் தையல் கடைக்குப் போய், துணி வெட்டும் மேசை ஓரத்தில் உட்கார்ந்து, குதிரைக்குப் பிறகு டாக்டர் சொன்னதையும் சேர்த்து எல்லாவற்றையும் கொட்டினார்.

மனைவி அழவில்லை, திட்டவுமில்லை. அவர் பையிலிருந்த சீட்டுக் கட்டை எடுத்தாள். காதோரம் செருகியிருந்த பென்சிலை உருவினாள்.

"எந்த மாடியில நின்னுச்சு?"

"ஏய், விளையாடாத."

"நாலு வாரம் தப்பான ஆள்கிட்ட கூட்டிட்டுப் போயிருக்கேன். நீங்க 'சண்டை'ன்னு புகார் கொடுத்தா அவர் சண்டையைத்தான் ரிப்பேர் பண்ணுவாரு. எந்த மாடி?"

"மாடின்னு இல்ல. பெட்டி மேல நின்னா வரும். இப்பல்லாம் ஏறணும்னு நெனச்சாலே வருது."

"எவ்ளோ நேரம்?"

"பத்து நிமிஷம். ஒரு யுகம் மாதிரி இருக்கும்."

"சத்தம்?"

"நெஞ்சுலதான்."

எழுதினாள். ஏழாவது கேள்விக்கு வந்தாள். "இதுக்கு முன்னாடி கடைசியா நடந்த வேலை?"

சீட்டுக்காரர் கத்தரிக்கோலையே பார்த்தார். அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு ஒரு மாதம் முன்னால், வேறொரு கட்டடத்தில் அவருடைய பழைய கூட்டாளி பெட்டியின் மேலிருந்து விழுந்து இறந்துபோனார். செய்தி மனைவிக்குத் தெரியும். ஒரு வாரம் மூடிக் கிடந்த அந்த லிஃப்டைத் துடைத்து, ஓட்டிப் பார்த்து, 'எல்லாம் சரி' என்று கையெழுத்துப் போட்டது இவர்தான் என்பது தெரியாது.

"நீங்களா போனீங்க?"

"வேற யாரும் போகல."

ஒரு வரி இடத்தில் அதை எழுத முடியவில்லை. எழுத்தைப் பொடியாக்கிப் பார்த்தாள். பிறகு சீட்டைத் திருப்பிப் பின்பக்கமும் எழுதினாள்.

மறுநாள் பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவு. பதிவு செய்யும் நர்ஸ் சீட்டை இரண்டு தடவை படித்தார்.

"இங்க எல்லாரும் 'மனசு சரியில்ல'ன்னு மட்டும்தான் சொல்வாங்க. எதை வெச்சு யார்கிட்ட அனுப்பறது? இதுல எல்லாமே இருக்கே!"

"இவருக்கும் அப்படிச் சொன்னா பிடிக்காதுங்க" என்றாள் மனைவி.

மனநல மருத்துவர் தூக்கத்தைக் கேட்டார், சாப்பாட்டைக் கேட்டார், சாகணும் போல இருக்கிறதா என்றும் நேராகவே கேட்டார். "நான் மருந்து எழுதற டாக்டர். ஒரு மாத்திரை தரேன், மெதுவாத்தான் வேலை செய்யும். அதுவரைக்கும் உயரத்துல வேலை வேண்டாம். ஆனா மாத்திரை மட்டும் உங்களை லிஃப்ட் மேல ஏத்தாது. அதுக்கு எதிர் ரூம்ல உளவியலாளர் இருக்காங்க. அவங்க மருந்து எழுத மாட்டாங்க. பேசுவாங்க, பழக்குவாங்க."

"அப்ப, வீட்ல சண்டைன்னு நாலு வாரம் ஒரு ஆலோசகர்கிட்ட போனோமே, அவர் போலியா சார்?"

"ஏன் போலி? சண்டைன்னீங்க. சண்டை தீர்ந்துச்சா, இல்லையா?"

கதவுக் கோளாறுக்கு மோட்டார்காரரை வரவழைத்தது, ஊரையெல்லாம் அதற்காகத் திட்டித் தீர்த்த தானேதான் என்று அப்போது சீட்டுக்காரருக்கு உறைத்தது. சிரிப்பு வந்தது. கொஞ்சம் வெட்கமும்.

சூப்பர்வைசரிடம் உண்மையைச் சொன்னார். பரிசோதனைக்குக் கிரீஸோடு வேறு ஆள் போனார். சீட்டுக்காரருக்கு ஸ்டோரில் போல்ட்டுகளை அளவுவாரியாகப் பிரித்து வைக்கிற வேலை. உளவியலாளர் முதல் மூன்று வாரம் லிஃப்டைப் பற்றியே பேசவில்லை. இறந்துபோன கூட்டாளியைப் பற்றிப் பேசவைத்தார். பிறகு திறந்த கதவுக்கு வெளியே நிற்கச் சொன்னார். பிறகு எட்டிப் பார்க்க. பயத்துக்குப் பத்துக்கு எவ்வளவு என்று மார்க் போட வேண்டும்; அது பாதியாகக் குறையும் வரை இடத்தை விட்டு நகரக் கூடாது. தப்பித்து ஓடினால் பயத்துக்குத்தான் கொழுப்பு ஏறும் என்றார்.

பதினோராவது வாரம், மருத்துவர் தலையாட்டிய பிறகு, இரண்டே மாடி உள்ள ஒரு நூலகத்தில், இடுப்பில் பாதுகாப்புப் பட்டையை மாட்டிக்கொண்டு சீட்டுக்காரர் பெட்டியின் மேல் நின்றார். எதிரே திறந்த கதவுக்கு வெளியே கிரீஸ், கையில் சீட்டுக் கட்டோடு.

"எவ்ளோண்ணே?"

"எட்டு."

"வெளிய வந்துடறீங்களா?"

"வாயை மூடிட்டு எழுதுடா."

மேலே கயிறு எங்கோ கிறீச்சிட்டது.

"இப்ப?"

"எட்டேதான். உன் மூஞ்சியைப் பார்த்தா ஒன்பது."

"நான் திரும்பி நிக்கறேன்" என்று கிரீஸ் நிஜமாகவே திரும்பி நின்றான். முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டான். ஏழு. ஏழு. ஆறு. நூலகக்காரர் படியேறி வந்து, யாரோடு பேசுகிறான் இவன் என்று பார்த்துவிட்டுப் போனார்.

"அண்ணே?"

"நாலு."

கிரீஸ் எழுதிவிட்டுத் திரும்பினான். சீட்டுக்காரர் கையை நீட்டியபடி நின்றிருந்தார்.

"எண்ணெய் டப்பாவைக் கொடுடா. வந்ததுக்கு இந்தத் தண்டவாளத்தையாவது பாப்போம்."

டப்பாவை வாங்கிய கை லேசாக ஆடத்தான் செய்தது. கிரீஸ் அதையும் சீட்டில் எழுதிக்கொண்டான்.