கார்மேகம் கட்டிவிட்ட ஜின்

ராஸ் அல் கைமாவில், குவாரிக்குப் பக்கத்தில் இடிந்து கிடக்கும் பழைய கோட்டைக்குக் கார்மேகம் ஆறு வருடமாக வாட்ச்மேன். தொழிலாளர் கேம்ப் ஆட்கள் அடுப்புக் கூட்டக் கல்லைப் பெயர்த்துக்கொண்டு போவதைத் தடுக்கக் கத்திக் கத்தி அலுத்துப்போய், இரண்டு வருடத்துக்கு முன் அவரே ஒரு கதை கட்டிவிட்டார்: உள்ளே ஒரு ஜின் இருக்கிறது, கல்லைத் தொட்டவன் பின்னாலேயே வரும். அதோடு கல் திருட்டு நின்றது. இப்போது மகள் பானுப்பிரியாவுக்குக் கல்யாணம். மாற்று ஆள் வந்தால்தான் அவருக்கு லீவு. வருவதற்கோ ஒருவனும் இல்லை.

“அது நான் விட்ட புளுகுடா!” என்று ரூம்காரன் அன்பரசனிடம் தலையில் அடித்துக்கொண்டார்.

“இப்படிச் சொல்லச் சொல்லி அதுதாண்ணே உங்கள அனுப்பியிருக்கு.”

மூன்று நாள் மன்றாடியும் இதே பதில்தான். கார்மேகத்துக்குப் பொறுமை போய்விட்டது.

“சரிடா, போறப்ப அதையும் ஊருக்குக் கூட்டிக்கிட்டே போயிடறேன். போதுமா?”

அன்பரசன் முகம் தெளிந்தது. “இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல? நானே டூட்டி பாக்கறேன். ஆனா திரும்பி வரும்போது நீங்க மட்டும் வரணும்ண்ணே.”