ஐந்தாவது அம்பு

புரட்டாசி அமாவாசைக்கு முந்திய சனிக்கிழமை கங்காணி என் வீட்டுக்கு வந்து, அந்த ஆண்டு விஜயதசமிக்கு அம்பு விட வேண்டியவன் நான் என்று சொன்னார். காலையிலிருந்து மழை, பால் வெட்டு இல்லை என்று அன்றைய நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். அதன் கீழே ஒரு வரி: "வில் என்னிடம் வருகிறது."

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் பிற்பகுதி, மலாயா. யோங் பெங்கிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கிராணி, கணக்கர். விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று ஆட்களின் பெயர் வாசிப்பேன். பகலில் வெட்டிவந்த ரப்பர் பாலை நிறுப்பேன். பிற்பகலில் உட்கார்ந்து, யார் வந்தார், யார் வரவில்லை என்பதை செக்ரோலில் ஏற்றுவேன்.

தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பத்தாம் நாள் மாலை அம்மனைத் தூக்கிவந்து அதே பெரட்டுக் களத்தில் இறக்குவார்கள். அம்மனுக்காக ஒருவர் ஐந்து அம்பு விடுவார். முதல் நான்கு நான்கு திசைகளுக்கு. ஐந்தாவது, இருபது தப்படி தள்ளி நட்டிருக்கும் வாழை மரத்துக்கு. அந்த வாழைதான் அசுரன்.

"நான் எதுக்கு? வில்லைத் தொட்டதே இல்லையே" என்றேன்.

"அதுக்குத்தான் ஐயா. லயத்துல எவனும் தொட மாட்டேங்கிறான். தப்பிப்போச்சுன்னா அந்த ஆளு கதிதான்னு பயம். கிராணிய எவன் கேப்பான்?"

அந்த ஆள் என்று அவர் சொன்னது எங்கள் தோட்டத்துப் பால்வெட்டுக்காரர் ஒருவரை. என் வயதுதான். ஆறு ஆண்டுகள் தொடர்ந்து அம்பு விட்டவர். ஐந்து முறை வாழையில் குத்தியது. முந்தைய ஆண்டு குத்தவில்லை. அதன் பிறகு தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் காய்ச்சல் வந்தது. அவர் வீட்டில் யாரும் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை என்றாயிற்று. அவருடைய தங்கையைப் பேசி வைத்திருந்த பக்கத்து டிவிஷன்காரர்கள், இந்த ஆண்டுத் திருவிழா எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொல்லியனுப்பிவிட்டார்கள்.

நான் முந்தைய ஆண்டு நாட்குறிப்பை எடுத்துக் கங்காணிக்குக் காட்டினேன். முதல் காய்ச்சல் விஜயதசமிக்கு ஒன்பது நாள் முன்பே கண்டிருக்கிறது. கிழமையோடு இருந்தது.

அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "நோட்டுல இருக்கறது நோட்டுலயே இருக்கட்டும் ஐயா. சனங்களுக்கு அம்புதான் தெரியும்."

மறுநாள் பால்வெட்டுக்காரரே வில்லைக் கொண்டுவந்தார். நிபோங் பனையில் செதுக்கி நடுவில் பிரம்பு சுற்றிய வில். நாணை அவிழ்த்துச் சுருட்டித் தனியாகக் கொடுத்தார். பூட்டியே வைத்திருந்தால் வில் சோம்பிப்போகும் என்றார்.

புகைக்கூடத்தின் பின்புறம் ஒரு பழைய வாழைத்தண்டை நட்டு, மாலை ஐந்தரை முதல் வெளிச்சம் இருக்கும் வரை பழகினேன். சடங்கில் உள்ளபடியே ஒவ்வொரு சுற்றுக்கும் ஐந்து அம்பு. சிங்கப்பூரிலிருந்து தபாலில் வரவழைத்த ஆங்கில நூலில் கால் வைப்பு, தோள், மூச்சு எல்லாம் இருந்தன. ஒரு வாரத்தில் அவை ஓரளவு கைக்கு வந்தன. திசை அம்புகளை விடாமல் எடுத்தவுடன் வாழைக்கு விட்டால் பெரும்பாலும் குத்தியது. சுற்றின் கடைசியில் விட்டால் பெரும்பாலும் தவறியது.

கை தளர்கிறது என்று முதலில் எண்ணினேன். எண்ணியதைச் சோதித்துப் பார்க்காமல் விடுவது என் வழக்கமில்லை. ஒரு ஞாயிறு காலை அரை மணி நேரம் விறகு பிளந்துவிட்டு, தோள் கடுக்கக் கடுக்க ஒரு சுற்று விட்டேன். ஐந்தாவது குத்தியது. செக்ரோல் முடிக்கும் நாளன்று பகல் முழுதும் நாற்காலியில் இருந்தேன். பேனாவைவிடக் கனமாக எதையும் தூக்கவில்லை. அன்று எந்தச் சுற்றிலும் ஐந்தாவது குத்தவில்லை. ஆகவே தளர்வது கை அல்ல.

அந்தத் தளர்ச்சியை எழுதி வைக்க முயன்றிருக்கிறேன். தூக்கம் போன்றதல்ல. கண் திறந்தே இருக்கும், வாழை தெரியும். ஆனால் அதைப் பார்ப்பவன் வேறெங்கோ போயிருப்பான். காலையில் வாசித்த பெயர்கள் தாமாகவே வரிசையாக வரும். வராதவர்களின் பெயருக்கு அருகே மனம் ஒரு கணம் நிற்கும். அந்த நிற்பில் விரல் நாணை விட்டுவிடும். படித்த வரியையே மூன்று முறை படிக்கிறோமே, அதற்கு உறவு என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறேன்.

இரண்டாம் வாரம் பால்வெட்டுக்காரரும் அவர் தங்கையும் அந்த வழியாக வந்தார்கள். தங்கை புல்வெட்டு முடிந்து, தோளில் மண்வெட்டியோடு நின்றாள்.

"கிராணி ஐயா வில்லு எடுத்ததுலேர்ந்து இந்தப் பக்கம் ஆடு கட்ட மாட்டேங்கிறாங்கண்ணே" என்றாள் அண்ணனிடம், எனக்குக் கேட்கும்படியாக.

"ஆட்டுக்கு ஒண்ணும் ஆவாது. ஆட்டைக் குறி வெச்சாத்தானே பயம்" என்றார் அவர். நான் ஒரு சுற்று விட்டு முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "ஐயா, கெழக்க விட்ட அம்பு எங்க விழுந்துச்சு?"

"மூணாவது மரத்து வேருக்கு எடப்பக்கம்."

"மேற்க?"

"வடிகால் ஓரம், ரெண்டு முழம் இந்தாண்ட."

அவர் சிரித்துவிட்டார். "அதையெல்லாம் எதுக்கு ஐயா பாக்குறீங்க? அது காவலுக்கு விடுறது. எங்க விழுந்தா என்னா? நாலுக்கும் கண்ணைச் செலவு பண்ணிட்டு, அஞ்சாவதுக்குக் குருடனா நிக்கிறீங்க."

அது உண்மை. நான்கு திசை அம்புகளுக்கும் நான் தனித்தனியே ஒரு மரத்தையோ கல்லையோ குறித்து, விழுந்த இடத்தை மனத்தில் ஏற்றிக்கொண்டிருந்தேன், இரவு எழுதுவதற்காக. யாரும் கேட்காத கணக்கு.

"போன வருஷம் நீயும் இப்படிப் பாத்துத்தான் விட்டியாப்பா?" என்றேன்.

"இல்ல. நாலையும் சும்மாத்தான் விட்டேன். அஞ்சாவதை இழுத்துப் பிடிச்சப்ப, மாப்பிள்ள வீட்டுக்காரங்க கூட்டத்துல நின்னு என்னைப் பாக்குறாங்கன்னு தெரிஞ்சுபோச்சு. அவ்வளவுதான்."

தங்கை மண்வெட்டியைத் தோள் மாற்றினாள். "இந்த வருஷமும் வராங்க. ஐயா அடிச்சுட்டா, வில்லுல குத்தமில்ல, எங்க வீட்டுலதான் குத்தம்னு ஆயிடும். அடிக்கலேன்னா ஐயாவுக்குக் கெட்ட பேரு. அம்மன் யாரு பக்கம்னு பாப்போம்." குரலில் வருத்தம் எதுவும் இல்லை. மழை வருமா வராதா என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

எனக்கு அது அதுவரை தோன்றவே இல்லை. நன்றாக விட்டால் எல்லாருக்கும் நல்லது என்றே நினைத்திருந்தேன்.

"அதை நீங்க நெனைக்காதீங்க ஐயா. நெனச்சா அம்பு போவாது" என்றார் அவர். அவள் காதில் விழும்படி, "இவ வாயைத் தச்சு வெக்கணும்" என்றார்.

மிச்ச நாட்களில் நான்கு அம்புகளையும் பார்க்காமல் விடப் பழகினேன். அது குறி வைப்பதைவிடக் கடினமாக இருந்தது. அம்பு போன பிறகு தலையைத் திருப்பாமல் இருக்க வேண்டும். திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்பு, மாலைச் சுற்றுகள் எல்லாவற்றிலும் ஐந்தாவது வாழையில் ஏறியது. பெயர்கள் வரவில்லை. அதில் எனக்கு மகிழ்ச்சி இருந்தது என்பதையும், அந்த மகிழ்ச்சி சரியா என்று எனக்குத் தெரியவில்லை என்பதையும் எழுதியிருக்கிறேன்.

வேண்டுமென்றே தவற விடுவதா என்றும் யோசித்தேன். யாருக்கும் தெரியாது. ஆனால் இரவு நாட்குறிப்பில் என்ன எழுதுவது என்பதில் வந்து நின்றேன். குறி வைத்தே விடுவது என்று முடிவு செய்தேன்.

விஜயதசமியன்று வானம் மூட்டமாக இருந்தது, மழை இல்லை. களத்தில் இரண்டு டிவிஷன் ஆட்களும் இருந்தார்கள். பக்கத்து டிவிஷன்காரர்கள் வெள்ளை வேட்டியில் மேளத்துக்கு அருகே நின்றார்கள். பூசாரி வில்லுக்குக் குங்குமம் வைத்துக் கொடுத்தார். கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு. நான்கும் எங்கே விழுந்தன என்று இன்றுவரை தெரியாது. நாட்குறிப்பில் அந்த நான்கு இடங்களும் வெற்றாக இருக்கின்றன.

ஐந்தாவதைப் பூட்டி இழுத்தேன். மேளம் நின்றது. வாழை அதுவரை தெரிந்திராத தெளிவோடு தெரிந்தது. பட்டையில் ஒரு கிழிசல், அதில் ஒட்டியிருந்த எறும்புகூட. பெயர்கள் இல்லை. கூட்டம் இல்லை. அப்போது, நினைக்காதீங்க என்று அவர் சொன்னது நினைவுக்கு வந்தது.

அம்பு வாழையின் இடப்புறம் ஒரு சாண் தள்ளிப் போய், பால் நிறுக்கும் கொட்டகையின் தகரத்தில் அடித்தது. அந்தச் சத்தம் களம் முழுதும் கேட்டது.

கங்காணி கையை அசைத்து மேளத்தை அடிக்கச் சொன்னார். அரிவாளால் வாழையை வெட்டிச் சாய்த்தார்கள். அசுரன் எப்படியும் விழவேண்டுமே.

மறுநாள் பால் நிறுக்கும்போது வாளியை இறக்கி வைத்த பால்வெட்டுக்காரர், தகரத்தில் இருந்த புதிய பள்ளத்தைப் பார்த்தார்.

"வேணும்னே விட்டீங்களா ஐயா?"

"இல்லப்பா."

"நெசமா?"

"நெசமாத்தான். குறி பாத்துத்தான் விட்டேன்."

அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. எடையைக் குறித்துக்கொண்டு அடுத்தவரை அழைத்தேன். அன்றைய நாட்குறிப்பில் உள்ளது இதுதான்: "ஐந்தாவது தவறியது. களைப்பு இல்லை. காரணம் எழுதத் தெரியவில்லை."

லயத்தில் எல்லாரும் காய்ச்சலுக்குக் காத்திருந்தார்கள். நானும் காத்திருந்தேன், தினமும் தேதி போட்டு. ஐப்பசி போயிற்று. கார்த்திகை மழையில் வடிகால் நிரம்பிக் களம் வரை தண்ணீர் வந்தது. காய்ச்சல் என்ற சொல் மார்கழி முடியும் வரை என் ஏட்டில் இல்லை. அதற்குள், கிராணிக்கே தப்பிப்போச்சு, போன வருஷம் தப்பவிட்டவன் பாவம் என்ன செய்வான் என்று பேச்சு மாறியிருந்தது. தேதிகளைக் காட்டி நான் செய்ய முடியாததை ஒரு பள்ளம் விழுந்த தகரம் செய்தது. பக்கத்து டிவிஷன்காரர்கள் வந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். தை மாதம் கல்யாணம். பந்தியில் என் இலைக்கு வந்த மணப்பெண்ணின் அண்ணன், கேட்காமலே இரண்டாம் முறை பாயசம் ஊற்றினார்.

அடுத்த புரட்டாசியில் கங்காணி மறுபடி வந்தார். "ஐயாவுக்கு வேலை ஜாஸ்தி. வில்லை அவன்கிட்டயே குடுத்துடலாம்னு இருக்கோம்" என்றார், என் முகத்தைப் பாராமல். வில்லை எடுத்து, நாணை அவிழ்த்துச் சுருட்டித் தனியாகக் கொடுத்தேன்.

அந்த ஆண்டு விஜயதசமிக்கு நானும் களத்துக்குப் போனேன். ஐந்தாவது அம்புக்கு முன் மேளம் நின்றபோது, பால்வெட்டுக்காரர் கண்ணில் படாதபடி பின்வரிசைக்குப் போய்த் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தகரச் சத்தம் கேட்கவில்லை. ஈரமான எதிலோ கூர் இறங்கும் சத்தம் கேட்டது. பிறகுதான் தலையை நிமிர்த்தினேன்.